கையைத் தூக்கச் சொன்ன கொமிட்டி டொக்டர்

தானாக முன்வருகிறவனை இந்த உலகத்தில் யாரும் தடுப்பதில்லை. ஆபத்தே அதுதான். பொதுச் சுகாதார வைத்தியர்களின் கொள்கைக் குழுவுக்கு, ஊர்ப்பேச்சில் 'கொமிட்டி'க்கு, ஆள் வேண்டும் என்றபோது, புத்தியைக் கேட்காமலே என் வாய் 'நான் வாறன்' என்றுவிட்டது. (வாயைத்தான் அன்றும் குற்றம் சொன்னேன், இன்றும் அப்படித்தான்.)

குழுவில் இருந்தவர்களைப் பார்த்து வாய்பிளந்தேன். எல்லாரும் தொற்றுநோய்களையே ஊரைவிட்டு விரட்டியவர்கள். தலைவியான மேடம் பேசத் தொடங்கினால் அமைச்சு அதிகாரிகள் பேனையை மூடிவிட்டுக் கேட்பார்கள். அவருக்குப் பக்கத்துக் கதிரை கிடைத்தால் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

அந்த நேரம் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குக் கர்ப்பிணி கிளினிக் கேட்டுக் குழு போராடிக்கொண்டிருந்தது. அங்குள்ள பெண்கள் மாதாமாதம் தோணியில் வாவியைக் கடந்து இக்கரைக்கு வரவேண்டும். காற்றடித்தால் தோணியும் ஓடாது. மாகாண அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். போதிய கர்ப்பிணித் தாய்மாரைக் கண்ணால் கண்டால்தான் கிளினிக் என்று கறாராகவும் சொல்லியிருந்தார். கூட்டத்தை ஒழுங்குசெய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். என் அண்ணன் கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டோடு இருந்தது அந்த ஊரில்தான்.

அதிகாரியும் மேடமும் வந்த அன்று ஊரின் பொதுக் கட்டடம் நிரம்பி வழிந்தது. மகனின் மகிமையைக் காண அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியும் சேர்ந்து அதிர, கர்ப்பிணித் தாய்மார் எல்லாரும் கையைத் தூக்குங்கள் என்றேன்.

ஒரு கையும் எழவில்லை.

வயிறு தெரியும் பெண் ஒருத்திகூட அங்கே இல்லை. அன்று இக்கரையில் கிளினிக் நாள். அவர்கள் விடியவே தோணி ஏறிவிட்டார்கள். (நாள் குறித்த மகான் அடியேன்தான்.) மிச்சம் இருந்தவர்கள் வயிறு தெரியாதவர்கள். நாலுபேர் வாயில் விழுந்தால் நாவூறு படும் என்று முதல் மாதங்களில் பெற்ற தாயிடம்கூட வாய்திறக்காதவர்கள் எங்கள் பெண்கள். அவர்களைத்தான் நான் ஊருக்கே கேட்கும்படி கைதூக்கச் சொல்லியிருக்கிறேன்.

"ஒருத்தருமே இல்லையே டொக்டர்" என்று அதிகாரி எழுந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளினிக் கைவிட்டுப் போகப் போகிறது. மேடம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலேயே பாதி செத்துவிட்டேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மதினி, அண்ணனின் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர். கையை இறக்காமலே எழுந்தார்.

"நான் இருக்கன் ஐயா. எங்கட இவருக்கு மட்டுந்தான் சொன்னனான். நாவூறு பட்டாலும் பட்டுட்டுப் போகட்டும். தோணியில ஏறத்தான் பயமாக் கிடக்கு."

பிறகு அவர் பக்கத்தில் இன்னொரு கை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கைகள் எழுந்துகொண்டே இருந்தன. அத்தனை பெரிய வைத்தியர்களைப் பார்த்து மலைத்தவன் நான், இப்படி ஒரு துணிச்சலை அதுவரை கண்டதில்லை. மேடம் கதிரையை விட்டு எழுந்து நின்றார். அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை. "என்ர கிளி, எனக்கும் சொல்லல்லயே" என்று அழுதுகொண்டே பின்வரிசைக்கு ஓடினார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "உனக்கு மூளை கீளை இருக்காடா மனே" என்றும் கேட்டார். என் கையில் இருந்த மைக் வழியே ஒலிபெருக்கி அதையும் ஊருக்கு அறிவித்தது.

கிளினிக் வந்தது. அங்கே முதலில் பதிந்த பெயர் மதினியுடையது. பிறந்த பெண் குழந்தைக்கு அண்ணன் தேடித்தேடி ஓர் அழகான பெயர் வைத்தார். அதை ஒருவரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் அவள் 'கொமிட்டி'. இந்த வருஷம் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் ரீச்சர் பெயர் கேட்டதற்கும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.