நான்காம் எண் கிண்ணமும் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும்

சான் ரமோன்,
அக்டோபர் 14

தமிழ்ச் சங்க இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய திரு. சேனாபதி அவர்களுக்கு,

அனந்தலக்ஷ்மி பாலசுப்ரமணியன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா என்று தெரிவிக்கவும். நான் நலம். மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு என்னை ‘ஆன்ட்டி’ என்று அழைத்ததை மன்னித்துவிட்டேன். எனக்கு எழுபத்து நான்கு, தங்களுக்கு ஐம்பத்தெட்டு. இந்தக் கணக்கில் அது ஒத்துவராது என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற சனிக்கிழமை சங்கம் நடத்திய ‘சட்டென்று ஒரு சத்தான சாலட்’ போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தீர்கள். யார் செய்தது என்று தெரியாதபடி எண் மட்டும் ஒட்டிய ஆறு கிண்ணங்கள். என் குறிப்புகளைப் போட்டியாளர்களின் பெயரோடு அடுத்த இதழில் அச்சிடுவதாகச் சொன்னீர்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் சங்கத்தின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்தான். மறுக்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. நான்காம் எண் கிண்ணத்துக்கான குறிப்பை மட்டும், இடமில்லை என்று காரணம் சொல்லி விட்டுவிடவும். காலியாகும் இடத்துக்கு நேரந்தவறாமை பற்றி நான் ஒரு கட்டுரை தருகிறேன். நான்கு மணிக்கு என்று அறிவித்த போட்டியை ஐந்தேகாலுக்கு ஆரம்பிக்கும் சங்கத்துக்கு அது பயன்படும்.

மற்ற ஐந்து குறிப்புகளில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். திருச்சி கான்வென்டில் எங்களுக்கு மனையியல் நடத்திய சிஸ்டர் அகதா, தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். நானும் அப்படித்தான். ஒன்றாம் எண்ணில், கேல் என்கிற முரட்டு இலைக்கு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் மசாஜ் செய்ததாக ஒரு பெண் எழுதி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது பச்சைக் குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான். அத்தனை உபசாரத்துக்குப் பிறகும் அந்த இலை என் வாய்க்குள் வந்து என்னோடு மல்லுக்கு நின்றது. இரண்டாவது, ஊறுகாய் பாட்டிலுக்குள் அடுக்கடுக்காக வைத்தது. அடியில் கிடந்த கொண்டைக்கடலையை எட்டுவதற்கு அகப்பை போதாது, ராட்டினமும் கயிறும் வேண்டும். மூன்றாம் எண்ணின் பெயர் ‘ஐந்து நிமிட சாலட்’. பெயருக்குக் கீழே பதினேழு சாமான்கள். அதில் விதை மட்டும் நான்கு தினுசு, எல்லாம் கிளிக்கூண்டில் பார்த்தவை. ஐந்து நிமிடத்தில் அந்த டப்பாக்களின் மூடியைக்கூடத் திறக்க முடியாது. பொய்க்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். குறைத்தது சரி.

நான்காவது கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கோசுமல்லி! பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், கடுகு தாளித்தது. இந்த ஊரில் புத்தியுள்ளவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். பிறகு எழுதியதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ‘நறுக்கியது நேர்த்தி. பருப்பு பதம். ஆனால் உப்பு, கடலில் அள்ளியது. இதைச் செய்தவர் தன் குடும்பத்தின் மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறார். இவரிடம் உண்மையைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை என்று தெரிகிறது. பத்துக்கு ஒன்று. அதுவும் கத்திக்கு.’

பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்த விசாலாக்ஷி அதைப் படித்துவிட்டு, “மாமி, இவ்வளவு காரமா வேணுமா? பாவம், யாரோ” என்றாள். “பாவம் பார்க்கறதா இருந்தா அந்த வீட்டுல சாப்பிடறவாளைப் பாரு” என்றேன். இந்த வாக்கியம் இப்போது என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. சாயங்காலப் பூஜை நைவேத்தியத்துக்காக நான் காலையிலேயே ஒரு பதார்த்தம் செய்து, நீல மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, விளக்கேற்றி, பெருமாளுக்கு முன்னால் அந்த மூடியைத் திறந்தால் உள்ளே கீன்வா என்கிற சீமைத் தானியத்தில் செய்த சாலட். பெருமாளுக்குக் கீன்வா ஆகுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த கணம்தான் உறைத்தது. என் மருமகள் மானஸாவும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆபீஸில் ஏதோ அவசரம் என்று லாப்டாப்பை விட்டு எழுந்திருக்க முடியாமல், டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும்படி என் மகனிடம் சொல்லியிருந்தாள்.

“எந்த டப்பாடா எடுத்துண்டு போனே?”

“ப்ளூ மூடிம்மா.”

“ரெண்டுமே ப்ளூ மூடிடா!”

“வெயிட்டா இருந்ததை எடுத்தேன். அதுதான் சாலட்னு நினைச்சேன்.”

அதாவது, ஆசிரியரே, பெருமாளுக்கு வைத்ததை அவருக்கு முன்னால் நானே ருசி பார்த்து, பத்துக்கு ஒன்று போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாரோ இடையில் உப்பைக் கொட்டியிருக்க வேண்டும் என்றேன். அப்போது பதின்மூன்று வயதுப் பேரன் ஆர்யன், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “பாட்டி, இட்ஸ் ஆல்வேஸ் லைக் தட்.”

“ஆர்யன்! கோ அப்ஸ்டேர்ஸ்” என்றாள் மானஸா.

“அவனை ஏன் விரட்டறே? நீ சொல்லு.”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம்... கொஞ்சமே கொஞ்சம் ஜாஸ்தி. ரெண்டு வருஷமா.”

நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். இந்த வீட்டில் ராத்திரியானால் சாலட் என்று ஆரம்பித்ததும் அந்த மாதம்தான். ஃபைபர் என்றாள், குடலுக்கு நல்லது என்றாள், ஈஸியா பண்ணிடலாம்மா என்றாள். பொழுது சாய்ந்தால் கீரை தொடக் கூடாது என்று நான் தினமும் உபதேசம் செய்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து மெல்லுவதைப் பார்த்து, கழுத்தில் ஒரு மணி கட்டிவிட்டால் மாட்டுக் கொட்டில்தான் என்று சொல்லியிருக்கிறேன். என் சாம்பாரைப் பகலில் ஒப்புக்குத் தொட்டுக்கொண்டு, உயிர் பிழைக்க இலைக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள் என்பது இப்போதல்லவா தெரிகிறது!

என் பக்கத்து நியாயத்தையும் தாங்கள் கேட்க வேண்டும். நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. ரத்த அழுத்தம் என்று டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தியதிலிருந்து, என் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதற்குக் கைத்திட்டமாக உப்புப் போடுகிறேன். ஐம்பது வருடம் கல் உப்புக்குப் பழகிய கை. இங்கே இருப்பதோ மாவு மாதிரி பொடி உப்பு. கைக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. என் கணவர், கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை, “உப்பு ஒரு கல் கூடவோ?” என்றார். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு நாற்பத்தொரு வருடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்த மௌனத்தை நான் இதுவரை பாராட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதாக இல்லை.

மானஸா என்ன சொல்கிறாள் தெரியுமா? “என் பேர்லயே வந்துட்டுப் போகட்டும்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.” அந்தப் பெருந்தன்மை உப்பைவிட அதிகமாகக் கரித்தது. அவளுக்குச் சமைக்க வராது என்று இந்த ஊரில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருக்கிறேன். அதற்கு அச்சில் இப்படி ஒரு சாட்சி கிடைப்பதை நான் விரும்பவில்லை. என் பெயரில் வருவதையும் விரும்பவில்லை. ஆகவே நான்காம் எண் என்று ஒரு கிண்ணமே வரவில்லை என்று வைத்துக்கொள்ளவும். மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தால் நம் சங்கத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

தங்கள் இல்லத்தில் சகலமும் அளவோடு அமைந்து, எல்லோரும் ஆரோக்கியமாக வாழப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அவர் இப்போது என் பேச்சைக் கேட்கிறாரா என்பது வேறு விஷயம்.

இப்படிக்கு,
அனந்தலக்ஷ்மி பாலசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. இன்று பெருமாளிடம் முன்னதாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உப்பை ஸ்பூனால் அளந்து போட்டு, ஒரு சொட்டு ரசத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்று பேரும் இரண்டாம் முறை சாதம் வாங்கினார்கள். ஆகவே நான்காம் எண் குறிப்பை எழுத்து மாறாமல் அச்சிடவும். மானஸாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடவும். ‘க்ஷ்’ இரண்டாக உடையாமல் பார்த்துக்கொள்ளவும்.

இன்னொன்று. ரசம் இருக்கிற தைரியத்தில் இன்று யாரும் சாலட் செய்யவில்லை. எனக்காக உப்பே போடாமல் மானஸா செய்து வைத்ததில் மிச்சத்தை, இரண்டு வருடமாக மறுநாள் காலையில் யாரும் எழுந்திருக்குமுன் நான்தான் சாப்பிட்டு வருகிறேன் என்பதை மேலே எழுத மறந்துவிட்டேன். இன்று மிச்சம் ஏது? நானே எழுந்து இலையைக் கழுவி, வெள்ளரிக்காய் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகைத் தூவி, பொழுது சாய்ந்ததையும் பாராமல் நின்றபடியே சாப்பிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் எண்ணுக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.