மூன்று கொட்டேஷன், ஒரு சிடி

விதிமுறைப்படி நடந்தே மானம் போன ஆள் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தம்பானூர் ரயிலடிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்க டாக்டர்கள் ஒலிப்பதிவில் சொல்லும் நோயாளி விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவோம். நாற்பது பேரின் சோறு ஒரே ஒரு மருத்துவமனையை நம்பியிருந்தது. அமெரிக்காவில் புதிதாக ஒரு சட்டம் வந்தது. நோயாளியின் பெயரோ நோயோ வெளியே கசியக் கூடாது. கசியாமல் காக்கும் மென்பொருள் வாங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து. வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கத் தெரிந்தவன் என்பதே தகுதி.)

மூன்று கொட்டேஷன் வாங்காமல் எங்கள் அப்பா மிக்ஸிகூட வாங்கியதில்லை. நானும் மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டேன். சோதித்துக் காட்ட சாம்பிள் கேட்டார்கள். மூவருக்கும் பாரபட்சமின்றி இருநூறு நிஜக் கோப்புகளை சிடியில் போட்டுத் தரும்படி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். தட்டச்சில் பிழை பார்க்கும் பிரிவுக்குத் தலைவி, பாறசாலைக்காரி.

"நெஜ ஃபைலா சாரே குடுக்கணும்? சட்டத்த வாசிச்சீங்களா?"

"வாசிச்சாச்சு. டெஸ்ட்னா டெஸ்டா இருக்கணுமோன்னோ?" என்றேன். (முதல் பக்கம் மட்டும்.)

அடுத்த மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு அம்மையார் ஆய்வுக்கு வந்தார். மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றார். நான் எழுந்து, மூன்று கம்பெனிகளுக்கும் நிஜ நோயாளிகளின் கோப்புகளையே கொடுத்துச் சோதித்த என் சாமர்த்தியத்தை விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கசிவைத் தடுக்கும் சாமான் வாங்க, நானே மூன்று இடத்தில் கசியவிட்டிருக்கிறேன்! நாற்பது பேர் பிழைப்பும் போச்சு.

ஸ்டெல்லா எழுந்தாள். "அந்த சிடியில் நோயாளி யாருமே இல்லை மேடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதைத் திரையில் ஓடவிட்டாள். பயிற்சிக்கு வைத்திருந்த கற்பனைக் கோப்புகள். எல்லாவற்றிலும் நோயாளி பெயர் மட்டும் என்னுடையது. முதல் கோப்பில் எனக்கு மூலம். அடுத்ததில் படை. இருபத்தேழாவதில் ஐந்து மாதக் கர்ப்பம்.

அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என் பேர்தானா கெடச்சுது?" என்றேன் பிறகு.

"வேற யாரு பேரு போட்டாலும் கேஸ் குடுப்பாங்க சாரே. நீங்க குடுக்கமாட்டீங்கன்னு ஒரு விசுவாசம்."

அவளுக்கு நான் பட்ட கடன் கொஞ்சமல்ல. அன்று நாற்பது பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்ததென்றால் அவளால்தான். இன்றும் அவளை நினைத்தால் மனம் கும்பிடுகிறது.

ஆனால் மூன்று கம்பெனிக்காரர்களில் ஒருவர் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர். சிடியில் கண்டதை அவர் தெருவில் சொன்னதில், என் கல்யாணத்துக்கு முன்பே என் உடல்நிலை பெண்வீடுவரை போய்விட்டது. எங்கள் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி சொன்னாள், இன்றும் விசேஷ வீடுகளில் சொல்கிறாள்:

"எனக்குத்தான் இது மொதல். இவருக்கு ரெண்டாவதாக்கும்."