தென்குமரி உலகப் பட்டத்தின் வெற்றி வரலாறு

உலகத்தில் எத்தனையோ விளையாட்டுகள் உண்டு. அவற்றிலெல்லாம் யார் ஜெயிப்பார் என்பது கடைசி நிமிடம் வரை எவருக்கும் தெரிவதில்லை. இவ்வளவு பொறுப்பற்ற ஏற்பாட்டை மனிதகுலம் இத்தனை காலம் எப்படிப் பொறுத்துக்கொண்டது என்பதே வியப்புதான். முடிவைத் தற்செயலின் கையில் விடாமல், மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையின் மாடியில் செயற்குழுவைக் கூட்டி, டீயும் பழபஜ்ஜியும் பரிமாறி, வெற்றியாளரை ஒருமனதாக முன்கூட்டியே தீர்மானித்த பெருமை 'தென்குமரி உலகக் கனரக மல்யுத்தச் சாம்பியன் பட்டம்' ஒன்றுக்கே உரியது.

இங்கே 'உலகம்' என்பது மேற்கே களியக்காவிளையில் தொடங்கி, கிழக்கே ஆரல்வாய்மொழியில் முடியும். அதற்கு அப்பால் மல்யுத்த மேடையை ஏற்றிப் போகும் டெம்போவின் வாடகை கட்டுப்படியாகாது.

இந்தப் பட்டத்தின் வரலாற்றை மிக அருகில் இருந்து, சரியாகச் சொன்னால் தரையில் கிடந்து, பார்த்தவர் ரத்தினம். விடிகாலையில் ரப்பர் பால் வெட்டுவார். சாயங்காலம் ஊர்த் திருவிழாக்களில் பச்சை முகமூடியை மாட்டிக்கொண்டு 'பேச்சிப்பாறை முதலை' ஆவார். முதலையின் வேலை தோற்பது. பட்டத்தை வைத்திருந்த அத்தனை பேரும் அவர் மார்பில் உட்கார்ந்துதான் அதைக் காத்துக்கொண்டார்கள்.

தோற்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் விழுந்து பார்க்க வேண்டும். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். அதே நொடியில் இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அறைந்து மூச்சை வெளியே விட வேண்டும். அடி, உடம்பில் ஓர் இடத்தில் குத்தாமல் பரவிப் போய்விடும். கூட்டத்துக்குக் கேட்கிற அந்தப் பெரிய சத்தம் எலும்பிலிருந்து வருவதில்லை, தரைக்கு அடியிலிருந்து வருகிறது. ரிங் என்பது இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் நாலு அங்குல ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சின் மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். பலகை முழங்கும், ஸ்பாஞ்சு தாங்கும். மொத்தக் கலையும் அந்த நாலு அங்குலத்தில்தான் இருக்கிறது.

பட்டம் கைமாறுவதற்கு, போட்டிகளை நடத்தும் மல்யுத்தப் பேரவை ஓர் உன்னதமான விதி வைத்திருந்தது. அதன் பெயர் 'ஊர் மரியாதை'. எந்த ஊரில் போட்டியோ அந்த ஊர் ஆள் தோற்கக் கூடாது. அம்மன் கோயில் கொடை விழா என்றால் கோயில் பக்கத்து மல்லர் சுயம்பு வெல்வார், கிறிஸ்தவ சபையின் அசன விருந்து என்றால் சபைக்கார மல்லர் சத்தியநேசன் வெல்வார். இரண்டும் ஒரே நாளில் வந்தால் பட்டம், அதாவது அந்த இடுப்புப் பட்டை, பைக்கில் ஏறி, இருட்டுவதற்குள் இரண்டு பேரிடமும் இருந்துவிட்டு வரும். முதலைக்கு மட்டும் சொந்த ஊர் கிடையாது. பேச்சிப்பாறை ஓர் அணைக்கட்டு; அணைக்கட்டுக்காக மரியாதை கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆகவே முதலை எங்கும் தோற்கலாம்.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்த வரலாறு அருமனை ஊர் அம்மன் கொடைக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்குப் பிரமுகர்கள் வருவதாக இருந்தார்கள். பேரவைத் தலைவர் கிளீட்டஸ், ரப்பர் ஷீட் கடைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் சொந்தக்காரர், முன்வரிசையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பிளாஸ்டிக் நாற்காலியிலயா அவியளை இருத்துவிய? நடு முதுகு வலிக்காதா? ரிங்குக்குள்ள கெடக்க ஸ்பாஞ்சை எடுத்து, நாற்காலி அளவுக்கு வெட்டிப் போடுங்கலே. தார்ப்பாயைப் போட்டா உள்ள என்ன கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

விருந்தோம்பலுக்குப் பேர்போன பூமி இது. வெட்டிப் போட்டார்கள்.

ரிங்குக்குள் கால் வைத்ததும் சுயம்பு சொன்னார்: "மக்கா, இண்ணைக்கு தரை ஒரு மாதிரி இருக்கே."

"மழை பெஞ்சதில்லியா, தார்ப்பாய் இறுகியிருக்கும்" என்றார் ரத்தினம். இருவரும் நம்பினார்கள். காலடியில் ஸ்பாஞ்சு இருக்காது என்று எந்த மல்லனுக்கும் தோன்றாது. கல்யாண வீட்டில் அடுப்பு இருக்குமா என்று யாராவது கேட்பார்களா?

திட்டப்படி சுயம்பு மூலைக் கம்பத்தில் ஏறிப் பின்புறமாகத் தாவினார். திட்டப்படி முதலை உருண்டு விலகியது. திட்டப்படி சத்தம் வந்தது. சுயம்பு மட்டும் திட்டப்படி எழவில்லை.

நடுவர் சூசை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிணைத்துக் காட்டினார். 'இது நடிப்பல்ல, நிஜமாகவே அடி பட்டிருக்கிறது, நிறுத்துங்கள்' என்பதற்கு மல்யுத்த உலகம் வைத்திருக்கும் ஒரே சைகை அது. எல்லாம் பொய்யாக நடக்கும் ஒரு தொழிலில் உண்மையைச் சொல்வதற்கென்று ஒரு தனிச் சைகை இருப்பது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! கூட்டம் அதைப் பார்த்துக் கைதட்டியது.

கயிற்றுக்கு வெளியே வந்து நின்ற கிளீட்டஸ், "யாரு ஜெயிக்கணும்?" என்று கேட்டார்.

"சுயம்பு" என்றார் சூசை. "ஆனா அவரு பேச்சுமூச்சில்லாம கெடக்காரே!"

"செயற்குழு தீர்மானமாக்கும். அடிபட்டவன் தோத்துட்டான்னு நாளைக்கு ஊருக்காரன் கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

"அண்ணாச்சி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று ரத்தினம் முகமூடிக்குள்ளிருந்து கத்தினார்.

"கூப்பிடுகேன். நீ மொதல்ல போயி தோத்துக் குடு! நீ தோக்காம எப்படிலே போட்டி முடியும்?"

உலக மல்யுத்த வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் நடவாத காரியம் அன்று நடந்தது. சுயம்புவின் கழுத்து அசைந்துவிடாதபடி ரத்தினம் அவர் பக்கத்தில் மெல்லச் சாய்ந்து படுத்தார்; முதுகுக்கு அடியில் வெறும் பலகைதான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. துவண்டு கிடந்த கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். சூசை அழுதுகொண்டே தரையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். நினைவில்லாமல் கிடந்த ஒருவர் உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். பித்தளைத் தகடு பதித்த பட்டத்தை அவர் வயிற்றின் மேல் வைத்தார்கள். பிரமுகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு முதுகு வலி எதுவும் இல்லை.

சுயம்புவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அது ஒரு துயரம். அதைவிடப் பெரிய துயரம், அதை யாரும் நம்பவில்லை. மாவட்டமே அவருடைய 'மறுபிரவேச'த்துக்காகக் காத்திருந்தது. சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆட்டோ ஸ்டாண்டில் விசிலடித்தார்கள். மாற்றுத்திறனாளிகள் முகாமில் ஒருவர், "அண்ணே, ஒரு செல்ஃபி, ஒரே ஒரு நிமிஷம் எழும்பி நில்லுங்க" என்று கெஞ்சினார். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ரசிகர் ஊக்கை எடுத்து அவர் தொடையில் குத்திப் பார்த்தார். சுயம்புவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரசிகருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

"என்னா ஒரு நடிப்பு! ஒரு சுளிப்பு உண்டா பாத்தியளா!"

சுயம்புவின் மனைவி தாணம்மாள் நாலு நாள் கழித்து ரத்தினத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"பட்டத்துக்கு ஓய்வு குடுக்கப் போறாவளாமே?"

"ஆமா மயினி."

பட்டத்துக்கு ஓய்வு கொடுப்பது என்றால், இனி எவரும் அதற்காக மோத மாட்டார்கள், அது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும் என்று அர்த்தம். பேரவைக்கு வேறு வழியில்லை. இருக்கும் சாம்பியனைத் தோற்கடிக்காமல் அடுத்தவர் சாம்பியன் ஆக முடியாது. சுயம்புவோ எழுந்து வந்து தோற்க மாட்டேன் என்கிறார். 'ஒத்துழைப்பு இல்லை' என்று தலைவருக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

"அவியளுட்ட நான் வேற ஒண்ணும் கேக்கல்ல" என்றாள் தாணம்மாள். "இந்த மனுசன் நெசமாட்டே விழுந்தாருன்னு மைக்கில ஒரு வாக்கு சொல்லணும். அவ்வளவுதான். குத்தின எடத்துல சீழு வச்சிருக்கு. நாளைக்கு இன்னொருத்தன் கொள்ளிக்கட்டையைக் கொண்டு வருவான்."

ரத்தினம் செயற்குழுவுக்குப் போனார். பேரவைச் செயலாளர் முருகதாஸ், பட்டத்துக்கு ஓய்வு கொடுக்கும் விழாவில் வாசிப்பதற்காக எழுதிய வரலாற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதன்படி இந்தப் பட்டம் சமணர் காலத்தியது. சிதறால் மலைப் பாறையில் செதுக்கிய, நிமிர்ந்து நிற்கும் சமண உருவங்கள் முடிவு அறிவிப்புக்காகக் காத்திருக்கும் மல்லர்கள். அகிம்சைச் சமயத்தினர் ஆகையால் எதிராளியை அடிக்காமல் அடிக்கும் கலையை அவர்களே முதலில் கண்டுபிடித்தார்கள். போட்டிகள் தொடங்கி ஒன்பது வருடம்தானே ஆகிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, இடையில் பட்டம் காலியாக இருந்தது என்று முருகதாஸ் விளக்கம் அளித்தார்.

ரத்தினம் தன் கோரிக்கையைச் சொன்னார்.

முருகதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தினம், நீரு சொல்லுது எனக்கு மனசிலாகுது. ஆனா சுயம்பு விழணும்னு எந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டோம்?"

"தீர்மானம் போட்டா விழுவாவ? ஸ்பாஞ்சு இல்லாம விழுந்தாரு."

"தீர்மானம் இல்லாம நம்ம பேரவையில ஒரு சம்பவமும் நடக்கப்படாது. நடக்கப்படாதது நடந்துச்சுன்னு எழுதினா, வரலாறு கெட்டுப் போவும் பாத்துக்கிடும்."

"பின்னே அவரு எப்படி அந்த நாற்காலியில இருக்காரு?"

"அது அவரோட சொந்தக் காரியமாக்கும்" என்றார் கிளீட்டஸ். "கேட்டியா மக்கா, ஸ்பாஞ்சுன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா, அதுமேல இருந்தவியளுக்கு எவ்வளவு கொறச்சல்! நமக்கு வேண்டி வந்தவியல்லியா?"

பிறகு மனமிரங்கி ஒரு திருத்தத்துக்குச் சம்மதித்தார்கள். 'சாம்பியன் சுயம்பு' என்பது 'அமர்ந்த நிலையிலும் அயராத சாம்பியன் சுயம்பு' என்று மாற்றப்பட்டது.

விழா கிளீட்டஸின் மண்டபத்தில் நடந்தது. இடம் போதாமல் வெளியே திரை வைத்தார்கள். சுயம்புவை மேடையில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் கூட்டம் "எழும்பு! எழும்பு!" என்று தாளம் போட்டது. முருகதாஸ் சமணர்களிலிருந்து தொடங்கினார். பாதி வழியில், முதலை முகமூடியோடு உட்கார்ந்திருந்த ரத்தினம் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். முகமூடியைக் கழற்றினார். முதலையின் முகத்தை ரசிகர் எவரும் அதுவரை பார்த்ததில்லை. மண்டபம் அடங்கியது.

"நான் ரத்தினம். ரப்பர் வெட்டுகவன். அருமனையில ரிங்குக்குள்ள ஸ்பாஞ்சு இல்ல. அதை எடுத்து முன்வரிசை நாற்காலிக்குப் போட்டாவ. சுயம்பு வெறும் பலகையில விழுந்தாரு. அவரு நடிக்கல்ல. இனி எழும்ப மாட்டாரு. கும்பிட்டுக் கேக்கேன், அவரைக் குத்திப் பாக்காதீங்க."

பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிணைத்தார். மேடையின் ஓரத்தில் நின்ற சூசையும் அழுதபடி கைகளைப் பிணைத்தார்.

அடுத்த நொடி கூரை அதிர்ந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலிமேல் ஏறி, கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிணைத்து ஆடினார்கள். முதலை நல்லவனாக மாறிவிட்டான்! தலைவர் வில்லன்! இப்படி ஒரு திருப்பத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பிரமுகர்களும் சிரித்துக்கொண்டே கைகளைப் பிணைத்தார்கள்.

கிளீட்டஸ் முதலில் வெளிறினார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஓடி வந்து ரத்தினத்தைக் கட்டிக்கொண்டார்.

"கொள்ளாம்லே மக்கா, கொள்ளாம்! இதை ஏன் கமிட்டியில சொல்லல்ல? இதை வச்சே அடுத்த சீசனை ஓட்டிரலாமே!"

சுயம்பு நாற்காலியிலிருந்தபடி ரத்தினத்தைப் பார்த்தார். "விடு மக்கா" என்றார். "நீ சரியாத்தான் சொன்னே."

விழாவின் உச்சமாகப் பட்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தேக்குச் சட்டம், உள்ளே விளக்கு, சிவப்பு வெல்வெட். மரியாதைக்காகத் தாணம்மாளை முன்னால் அழைத்தார் கிளீட்டஸ். வெல்வெட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, அந்த ஏற்பாட்டைத் தானே பெருமையோடு விளக்கினார்.

"பாத்தியளா? வெறும் பலகையில வச்சா தகடு நெளிஞ்சிரும். அதுனால அடியில மெத்தை. யாராவது தட்டிவிட்டாக்கூட ஒரு கீறல் விழாது!"

தாணம்மாள் கையை விட்டு அழுத்திப் பார்த்தாள். நாலு அங்குலம். நாற்காலி அளவுக்கு வெட்டியது. நடுவில் யாரோ உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது.

முன்கூட்டியே தீர்மானிக்காமல் இந்தப் பேரவை எதையும் செய்ததில்லை. ஸ்பாஞ்சு யாருக்கு, பலகை யாருக்கு என்பதையும்தான்.