டிம்லி யாருடைய குற்றம்?

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும், பிரசவத்துக்கு வந்திருக்கும் உங்கள் மனைவியும், இங்கேயே தங்கிப் படிக்கும் பேத்தியும் சுகம். வெளியூரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு கல்லூரியில் ஆங்கிலம் போதிக்கும் தங்கள் நலமறிய ஆவல்.

நிற்க. ஆங்கிலத்தில் டிம்லி என்று ஒரு சொல் இருக்கிறதாம். அதனால் என் ஸ்கூட்டருக்கு ஆபத்து வந்திருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வெள்ளைக் கார் எங்கள் குடியிருப்பின் கேட் தூணை இடித்துவிட்டு ஓடியது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் கார்தான் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் கோர்ட்டில் வேலை பார்த்தவர், உடனே ஆங்கிலத்தில் வாக்குமூலம் டைப் அடித்து வந்துவிட்டார். அதில் நான் டிம்லி பார்த்தேனாம். அப்படியென்றால் என்ன என்றேன். “மங்கலா பாத்தீங்கன்னு அர்த்தம் சார். நாளைக்கு யாராவது குடைஞ்சு கேட்டா உங்களுக்குப் பாதுகாப்பு” என்றார். கண்ணில் கோளாறு என்று தெரிந்த நிமிஷமே ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிவிடுவதாக உங்கள் மனைவி மிரட்டியிருக்கிறாள். தினமும் காலையில் பேத்தியை அந்த ஸ்கூட்டரில்தான் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வகுப்பு வம்பையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் மாப்பிள்ளை.

ஆகவே டிம்லியை அடித்துவிடுங்கள், பளிச்சென்று பார்த்தேன் என்று போடுங்கள் என அடம்பிடித்துக் கையெழுத்தும் போட்டேன். போட்ட இடம், தூணை இடித்தவர் போடவேண்டிய இடமாம். அதற்குள் பல் டாக்டருக்கு விஷயம் போய், மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். நேரே பால்கனிக்கு இழுத்துப்போய், எதிரே தெரிகிற போர்டைப் படிக்கச் சொன்னார். இது ஒரு பிரமாதமா என்று, பல் மருத்துவமனை எனக் கணீரெனப் படித்தேன். போர்டைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றிக் கொடுத்தாகிவிட்டதாம், அங்கே காய்வது அவர் வீட்டுப் போர்வையாம். விட்டேனா, மாடிப்படியில் நின்ற எலெக்ட்ரீஷியனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட வாயே திறக்கலை அந்த ஆளு. கிட்ட போய்த் தோளைப் பிடிச்சு உலுக்கினா, அது யாரோ மாட்டி வெச்ச ரெயின்கோட்டு. இத்தனைக்கும் நடுவுல டாக்டரோட கார் சிவப்பாம். இதை முதல்லயே ஒருத்தராவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?

இப்போது நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். டிம்லியில் உள்ள மங்கல் யாருடையது? விளக்கு சரியாக எரியாவிட்டாலும் டிம்லி என்பார்களாம், ஞாபகம் சரியாக வராவிட்டாலும் டிம்லி என்பார்களாம், செயலாளரே சொன்னார். அப்படியென்றால் எல்லாப் பழியும் கண்மேல் விழவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆகவே இந்த இடத்தில் டிம்லி தெருவிளக்கைச் சேர்ந்தது, மாமனாரைச் சேர்ந்ததல்ல என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, கல்லூரி முத்திரை குத்தி அனுப்பவும். வீட்டில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம்.

தாங்களும் தங்களிடம் பாடம் கேட்கும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
பார்வையில் பழுதில்லாத மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, இது மாமியார் எழுதுறது. சமையலறை வாசல்ல நின்னுட்டிருந்த என்னை வேலைக்காரப் பொண்ணுன்னு நினைச்சு, என் கையில இந்தக் கடிதத்தைத் திணிச்சு, “அம்மாவுக்குத் தெரியாம தபால்ல போட்டுடும்மா”ன்னார். நான் வாயே திறக்கலை. பேசினா குரல் தெரிஞ்சுடும், மனுஷன் கூனிக் குறுகிப் போயிடுவார். முத்திரையெல்லாம் வேண்டாம், நல்ல கண் டாக்டரா பாருங்க. ஸ்கூட்டர் ரிப்பேர்னு சொல்லிச் சாவியை எடுத்து வெச்சுட்டேன். நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் நடந்துதான் போகணும். வழியில தாத்தா கையை விடாதேன்னு குழந்தைகிட்ட சொல்லியிருக்கேன். குழந்தை கையை விட்டுடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.