கரடிக்கு எந்தக் கட்டம்?

"வேடிக்கையா, கேளிக்கையா, விநோதமா, பொழுதுபோக்கா? ஒண்டைச் சொல்லும்!" என்று மேசையைத் தட்டினார், உரிம அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அப்புத்துரை.

கடலோரத் திடலில் கரடி வித்தைக் கூடாரம் போட்டு, உரிமம் கேட்டு வந்திருந்த மீரா சாகிப் தலையைச் சொறிந்தார். "கரடி சைக்கிள் ஓட்டும், அவ்வளவுதான் ஐயா. நீங்களே ஏதாவது போட்டுக்குங்க லா."

போட்டுவிடலாம்தான். ஆனால் வெள்ளைக்காரத் துரையின் புதிய உரிமச் சீட்டில் நான்கு கட்டங்கள், ஒன்றில்தான் குறி வைக்கலாம். போன மாதம் இரண்டில் குறி வைத்த ஒரு கிராணி துரையிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பெரிய கிராணி நாற்காலி வேறு காலியாக இருக்கிற நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்து பதினாறு வருடமாக அப்புத்துரைக்கு அந்த நாற்காலிமேல்தான் கண். மனைவி நல்லம்மா அதற்கு மெத்தையே தைத்து வைத்துவிட்டாள், பாவம்.

சாகிபுக்கு ஒரு வாரத் தற்காலிகச் சீட்டைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை மாலை நேரில் போய்ப் பார்த்தார். கரடி இரண்டு சுற்று ஓட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. பார்த்த ஏழெட்டுப் பேரும் கொட்டாவி விட்டார்கள்.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. கேளிக்கை கரடியிடமா இருக்கிறது? பார்க்கிறவன் முகத்தில் அல்லவா இருக்கிறது!

செவ்வாய்க்கிழமை திரை விலகும் முன்பே மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் புஷ்பவள்ளி என்ற அம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

"கொஞ்சம் நில்லுங்கோ! இப்ப சிரிச்சது வேடிக்கையிலயோ, விநோதத்திலயோ?"

"தெரியலைங்களே. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

"வயித்துக்குள்ள இருந்து வந்ததோ, தொண்டையில இருந்து வந்ததோ?"

கூடாரமே குலுங்கியது. எல்லாரும் சேர்ந்து சிரித்தால் எதை எதில் சேர்ப்பது? "ஒவ்வொருத்தராய்ச் சிரியுங்கோ!" என்று அதட்டினார். பின்வரிசை பெஞ்சிலிருந்து உருண்டது.

புதன்கிழமை உட்கார இடமில்லை. அன்றும் மேடைப் பக்கம் திரும்பாமலே, வேடிக்கைக்குச் சிரிப்பவர்கள் இடப்பக்கம், விநோதத்துக்குச் சிரிப்பவர்கள் வலப்பக்கம் என்று பிரித்து நிறுத்தினார். முகம்மது கனி என்ற குண்டு வியாபாரி இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினார்.

"ஒரு பக்கமாய் நில்லும் ஐசே!"

"ரெண்டும் வருதே அண்ணே, நான் என்ன செய்ய!"

அவரைத் துரத்திய அப்புத்துரை கயிறு தடுக்கி, வாசல் தண்ணீர்த் தொட்டியில் தலைகுப்புற விழுந்தார். சளைக்கவில்லை. எழுந்து, சொட்டச் சொட்ட நின்று, 'பொழுதுபோக்கு: சந்தேகம்' என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

வெள்ளிக்கிழமை துரையே மனைவியோடு வந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். போகும்போது அப்புத்துரையின் தோளில் தட்டியும் கொடுத்தார். அப்புத்துரைக்கு நெஞ்சு பூரித்தது. இனி நாற்காலி எங்கே போய்விடும்?

சனிக்கிழமை அவர் கேளிக்கைக் கட்டத்தில் அழுத்தமாகக் குறி வைத்து, சீட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் சித்தி ஹாஜரா என்ற பெண்ணிடம் பெருந்தன்மையோடு நீட்டினார். "பிடியுங்கோ அக்கா. உங்கட கரடி கெட்டிக்காரக் கரடி. ஊரையே சிரிக்க வைச்சுப் போட்டுது!"

"எந்தக் கரடி ஐயா? அது செவ்வாய்க்கிழமை காலையிலேயே கெடா ஊருக்குப் போயிருச்சு, சனம் உங்களைப் பாக்கத்தானே வருது!"