எக்ஸ்போர்ட் மாமாவின் கரண்ட்

ஸ்ரீரங்கத்துக்குச் சூரியனுக்கு அடுத்தபடியாக வெளிச்சம் கொடுப்பவர் தான்தான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு எக்ஸ்போர்ட் மாமா. சூரியனை முதலில் வைத்ததுகூட என்னுடைய மரியாதைதான். அவரைக் கேட்டால் இரண்டு பேரும் பார்ட்னர் என்பார்.

அவர் கப்பலில் எதையும் ஏற்றி அனுப்பியவர் இல்லை. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்டார். பேனல் போட்ட வீட்டுக்குப் புது மாதிரி மீட்டர் ஒன்று வைப்பார்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த கரண்டை 'இம்போர்ட்' என்றும், வீட்டில் மிஞ்சி வெளியே போனதை 'எக்ஸ்போர்ட்' என்றும் அது தனித்தனியாகக் காட்டும். பேனல் மாட்டிய இன்ஜினியர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நீங்க உபயோகிக்காத கரண்ட் லைனுக்குப் போயிடும் சார். பக்கத்துல எந்த வீட்ல என்ன ஓடுதோ, அங்க போய்ச் சேந்துடும்."

அவர் சொல்லிவிட்டு பைக் ஏறிப் போய்விட்டார். எங்கள் தெருவின் நிம்மதியும் அதே பைக்கில் போனது.

மறுநாள் பகலில் மாமா எங்கள் வாசலில் நின்றார். கையில் போன். பேனலில் இந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்று அதில் இருந்தது.

"சார், இப்ப உங்காத்துல என்ன ஓடிண்டிருக்கு?"

"டிவிங்க மாமா."

"என்ன பாக்கறேள்?"

"பழைய கிரிக்கெட் மேட்ச். ஹைலைட்ஸ்."

"ஜெயிச்சோமா?"

"தோத்துட்டோம்."

மாமா போனைப் பையில் போட்டார். "தோத்த மேட்சுக்கா என் கரண்ட்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் எழுந்து டிவியை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று என் மனைவி கேட்டாள்.

இப்படி வீடு வீடாகப் போவார். தானம் கொடுத்தவர், கொடுத்தது நல்ல வழியில் போகிறதா என்று பார்க்கிற தோரணை. அயர்ன் பாக்ஸ் என்றால் தலையாட்டுவார். பிள்ளைகள் ஆன்லைனில் பாடம் படித்தால் முகம் மலரும். மெகா சீரியல் என்றால் மட்டும் "ஹூம்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே தெருவில் பாதிப் பேர் சீரியலை ராத்திரிக்குத் தள்ளிவைத்தார்கள்.

தெருவுக்கு நிறையப் போக வேண்டும் என்பதற்காகத் தன் வீட்டில் பகலில் எதையும் போட விடமாட்டார். மாமி சித்திரை வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறார். எனக்கு விசிறி குடுத்திருக்கார்" என்பார், யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல்.

காலையில் எழுந்ததும் பேனல்களைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். தெருவில் அதற்குத் திருமஞ்சனம் என்று பெயர். கோயில் வரிசையில் நிற்கும்போதும் ஆப் திறந்தே இருக்கும். பெருமாளைச் சேவித்துவிட்டு, அதே பக்தியோடு போனையும் ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

நாங்கள் பாலக்கரையிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தவர்கள். டிசம்பரில் வாசலில் ஸ்டார் கட்டுவோம். மாமா பேனல் போட்ட முதல் வருஷம் நான் ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தபோது மாமா கீழே வந்து நின்றார்.

"சார், இதை எப்ப போடுவேள்?"

"இருட்டினதும்தான் மாமா."

"இருட்டினா அது ஈ.பி. கரண்ட் சார். ஏசு பொறந்த நாளுக்கு நம்ம தெருவுல விளைஞ்ச கரண்ட் எரிய வேண்டாமா? பகல் பன்னண்டு மணிக்குப் போடுங்கோ."

போட்டோம். உச்சி வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா மட்டும் கீழே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் போகும்வரை அணைக்கவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர், எங்கள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா. இட்லி மாவு அரைத்து விற்பவர். பெரிய கிரைண்டர்கள் பகல் முழுக்க ஓடும்.

"செல்வி, இன்னிக்கு என் கரண்ட்ல மாவு எப்படி?"

"பஞ்சு மாதிரி வருதுங்க மாமா. ஈ.பி. கரண்ட்ல கொஞ்சம் கட்டியாத்தான் இருக்கும்."

செல்வி அக்காவுக்கு வியாபாரம் தெரியும். மாமாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டாம்.

இப்படி இருந்தபோதுதான் ஒரு மே மாத மதியம் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது. தெரு முனை டிரான்ஸ்பார்மரும் புகைந்தது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆகும் என்றார்.

மறுநாள் காலை ஜீயபுரத்தில் ஒரு கல்யாணம். டிபனுக்கு இட்லி மாவு செல்வி அக்கா பொறுப்பு. அரிசியும் உளுந்தும் ஊறி, அண்டா அண்டாவாக நிற்கின்றன. உடனே அரைத்தால்தான் விடிவதற்குள் புளிக்கும். அக்கா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. கிரைண்டரை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு நேராக எக்ஸ்போர்ட் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். கரண்ட் விளைகிற வீட்டில் கரண்ட் இல்லாமலா போகும்? தெருவும் அப்படியே நினைத்தது. பின்னாலேயே கூட்டம் வந்தது. நான் போன் சார்ஜரோடு போனேன்.

மாமா அந்த ஒரு நாளுக்காகவே ரிட்டயர் ஆனவர் போல வாசலுக்கு வந்தார். "வாங்கோ, வாங்கோ! எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லி சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் ஓடவில்லை.

ஆப்பைத் திறந்தார். பூஜ்யம். மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே பூஜ்யம். பேனல் மாட்டிய இன்ஜினியருக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"லைன்ல கரண்ட் போச்சுன்னா உங்க சிஸ்டம் தானா நின்னுடும் சார். நிக்கணும். இல்லைன்னா உங்க கரண்ட் லைன்ல ஏறி, கம்பத்துல வேலை செய்யறவரை அடிச்சிடும். மாட்டும்போதே சொன்னேனே."

அதைச் சொன்னபோது மாமா எக்ஸ்போர்ட் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்திருப்பார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "ஊருக்கே கரண்ட் குடுக்கிறவரு வீட்ல கரண்ட் இல்லையாம்" என்றது ஒரு குரல். மாமாவின் காது சிவந்தது.

அப்போது எங்கள் பேட்டை எலக்ட்ரீஷியன் ஸ்டீபன் முன்னே வந்தார். "கவலைப்படாதீங்க மாமா. சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு குடுத்து இந்த மெஷினை ஏமாத்திடலாம். லைன்ல கரண்ட் இருக்குன்னு நினைச்சு அது ஓட ஆரம்பிச்சிடும்."

செல்வி அக்கா கும்பிட்டே விட்டார். கூட்டம் மறுபடியும் மாமாவை மரியாதையாகப் பார்த்தது.

மாமா கேட்டார்: "கரண்ட் வெளியில போகாதே?"

"மெயினை ஆஃப் பண்ணிடுவேன்ல. உங்க வீட்டு சுவிட்சு கொஞ்சம் பழசு... ஆனா போகாதுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

மாமா தெரு முனையைப் பார்த்தார். கம்பத்தின் மேல் லைன்மேன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மேல நிக்கறானே, அவன் பேரென்ன?"

யாருக்கும் தெரியவில்லை.

"பேர்கூடத் தெரியாது. போகாதுன்னு இவன் நினைக்கிறானாம்" என்றார் மாமா. "வேண்டாம். எடுத்துண்டு போ."

"மாமா, கல்யாண ஆர்டர் மாமா. என் பேரே போயிடும்" என்றார் செல்வி அக்கா.

"என் பேர் இப்பவே போயாச்சு செல்வி. சேந்தே போகட்டும்."

சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் பேனல்கள் மேல் ஜமக்காளம் விழுந்தது. அடுத்து போர்வைகள், அவருடைய வேஷ்டிகள், கடைசியில் மாமியின் ஒன்பது கஜம். நான் மேலே ஓடினேன்.

"மாமா, அதான் மெஷினே நிறுத்திடும்னு சொன்னாரே!"

"மெஷினுக்கு என்ன தெரியும்? இத்தனை நாளா வெளியில அனுப்பியே பழகினது. பழக்க தோஷத்துல கொஞ்சம் அனுப்பிடுத்துன்னா?"

மூலையில் இருந்த ஒரு பேனலுக்குத் துணி போதவில்லை. அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை பேனலுக்கு, வெயில் அவருக்கு. கம்பத்தில் இருந்த லைன்மேன் இதைப் பார்த்துவிட்டுக் கீழே இருந்த ஆளிடம் ஏதோ கேட்டார். கீழே இருந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பேனல் வெயில்ல கறுத்துடும்னு பாக்கறாரு போல" என்றார்.

ஊறிய அரிசியையும் உளுந்தையும் என் காரில் ஏற்றி, மண்ணச்சநல்லூரில் செல்வி அக்காவின் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே அரைத்து, கல்யாணத்துக்கு இட்லி போய்ச் சேர்ந்துவிட்டது. என் காரில் உளுந்து வாசனை இன்னும் போகவில்லை. திரும்பி வந்தபோது லைன்மேன் கீழே இறங்கியிருந்தார். மாமா அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த உபசாரம் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

அதற்குப் பிறகு மாமா யார் வீட்டுக்கும் வரவில்லை. நான் தோற்ற மேட்ச்களை வரிசையாகப் பார்த்தேன், கேட்க ஆளில்லை. சீரியல்கள் பகலிலேயே அலறின. ஒரு நாள் மாமி என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "பகல்ல ஃபேன் போட்டுக்கோன்னு அவரே சொல்றார். எனக்கு பயமா இருக்கு."

எனக்கும் தாங்கவில்லை. அந்த மனிதர் கேள்வி கேட்காத தெரு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று பதினோரு மணிக்கு மிக்ஸி ஜாரோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"மாமா, தேங்காய்ச் சட்னி அரைக்கணும். உங்க பக்கம் கரண்ட் எப்படிங்க இருக்கு?"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். படியிறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு மேகம் குறுக்க நிக்கறது சார். சித்த இருங்கோ, போயிடும்."

மிக்ஸி எப்போது போட்டாலும் ஓடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஜாரைப் பிடித்துக்கொண்டு, அந்த மேகம் விலகும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.