மச்ச சாமியின் கிரீடம்

ஏழு மலை போதாதென்று, திருப்பதிக்கு வந்த ஜனங்களுக்கு ரேணிகுண்டா சாலைச் சந்து ஒன்றில் ஒரு கண்ணாடித் தொட்டியும் கிடைத்திருந்தது. தொட்டிக்குள் ஒரு தங்கமீன். அதன் தலையில் காலிஃபிளவர் மாதிரி சதை புடைத்து வளர்ந்திருந்தது. பக்தர்கள் அதைக் கிரீடம் என்றார்கள். மச்சாவதாரமே கிரீடத்தோடு எழுந்தருளியிருப்பதாகத் தமிழிலும் தெலுங்கிலும் பலகை தொங்கியது. கடலை விட்டுப் பெருமாள் இந்தத் தொட்டிக்கு ஏன் குடிவந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

மச்ச சாமி என்கிற சிட்டிபாபு முன்பு அதே இடத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தவர். தலையில் கட்டியோடு இருந்த மீனை யாரும் வாங்கவில்லை. தங்கிப்போன சரக்கு தெய்வமாகிவிட்டது. இனி அதை விற்க வேண்டாம், காட்டினால் போதும்.

சாமியிடம் விசேஷம் கல்யாண உத்தரவு. சாமி தொட்டியின் ஒரு முனையில் உட்கார்ந்து, விரலை அசைத்து மீனைத் தன் முகம் பார்க்க நிறுத்துவார். சாமியைப் பார்த்தபடி தொட்டிக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் பெண். பெண் இடப்பக்கம் நிற்பதுதானே முறை. இருவரும் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சாமி விரலை எடுத்ததும் மீன் யாரிடம் போகிறதோ அவருக்கு அனுக்கிரகம். போகாத பக்கத்துக்குத் தோஷம்.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் கேசவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. கழுத்துப் பொத்தான் வரை போட்டு, முதுகு வளையாமல் நடக்கிற மனிதர். செத்துப்போன தம்பியின் மகள் ரோஹிணியைத் தன் மகளாக வளர்த்தவர். பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கிஷோருக்கு அவளைப் பேசி முடித்து, ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கிஷோரின் அம்மா மணியம்மா மீன் உத்தரவு கேட்டாள்.

"எங்க வூட்டுப் பொண்ணை மீன் பாத்து சரின்னு சொல்லணுமா?" என்று கேசவன் கேட்டார். கேட்டாரே தவிர, வந்தார். ஊரில் சொன்ன சொல் அவரை இழுத்து வந்தது.

மீன் நேராகக் கிஷோரின் கைக்குப் போய் வாயைத் திறந்து மூடியது. ரோஹிணி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

சாமி கண்ணை மூடிக்கொண்டார். "பொண்ணுக்கு மச்ச தோஷம். வெள்ளியில மீன் செஞ்சி காணிக்கை வெச்சிட்டு, அப்புறம் வலப்பக்கம் வந்து நிக்கட்டும். சாமி ஏத்துக்கும்."

"நல்ல வேளை, தாலி கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிச்சு சம்பந்தி," என்றாள் மணியம்மா. "நாளைக்கு எம் புள்ளைக்கு எதனா ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

கேசவனுக்கு முகம் கறுத்துவிட்டது. தோஷக்காரி என்று ஒரு தடவை பேர் விழுந்தால், பிறகு நகரியில் எந்த வீடும் அவளைக் கேட்டு வராது.

வெளியே வந்ததும் ரோஹிணி சொன்னாள்: "பெரிய நைனா, அது கிரீடம் இல்ல. அந்த ஜாதி மீனுக்குத் தலையில சதை வளரும். கத்தரிச்சு வுடாம இருந்தா இப்பிடித்தான் கண்ணை மூடிடும். அதோட இடது கண்ணு சுத்தமா மறைஞ்சிருக்குது. பாவம், ரொம்ப வேதனையில இருக்குது." ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அவள், தங்கியிருக்கும் அறையில் மீன் வளர்ப்பவள்.

"குடும்ப மானம் போய்க்கினு இருக்குது, நீ மீனுக்கு அழுதுகினு நிக்கற."

அதட்டினாரே தவிர, அவள் சொன்னது அவர் காதில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளி மீன் காணிக்கை வைப்பவர்களின் பரிகார வரிசையில் நின்றபடி வாசலையே பார்த்தார். அடுத்த ஜோடி வெளியே வந்தது. பெண் அழுதுகொண்டிருந்தாள். அதற்கடுத்த ஜோடியிலும் பெண்தான் அழுதாள். அவருக்கு முன்னால் வெள்ளி மீனோடு நின்ற எல்லோருமே பெண்ணைப் பெற்றவர்கள். சித்தூர் ஜில்லாவில் இத்தனை தோஷம் பெண்களுக்கே பங்கு வைக்கப்பட்டிருப்பதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

"நெய்யற துணியில எல்லாம் ஒரே இடத்துல பழுது விழுந்தா, நூலைத் திட்டிக்கினு இருக்க மாட்டோம்," என்று முணுமுணுத்தார் கேசவன். "தறியை நிறுத்திட்டுப் பாப்போம்."

வரிசையை விட்டு, பெண்ணையும் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சாமி, இன்னொரு தபா பாக்கணும். மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரட்டும், பொண்ணு அந்தப் பக்கம் போகட்டும்."

"ஆம்பளை இடப்பக்கம் நிக்கறது சாஸ்திர விரோதம்."

"அவதாரம்னு சொல்றீங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. சாமி விரலை அசைக்க வேண்டியதாயிற்று. மீன் ரோஹிணியின் கைக்குப் போனது. கிஷோர் கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தான். அது கண்டுகொள்ளவில்லை.

சாமி அசரவில்லை. "பொண்ணோட தோஷம் பையனுக்குத் தொத்திக்கினு இருக்குது. ரெண்டு வெள்ளி மீன் வெக்கணும்."

"எம் புள்ளைக்கா தோஷம்?" என்று மணியம்மா புடவையை இழுத்துச் செருகினாள். பெண்ணுக்கு என்றபோது தலையாட்டிய அதே மணியம்மாதான்.

"அப்ப சாமியே இடப்பக்கம் வந்து நில்லுங்க," என்றார் கேசவன். "உங்களுக்கு தோஷம் இருக்காதே."

சாமிக்கு அவசரமாக ஜபம் ஞாபகம் வந்தது. கூட்டம் விடவில்லை, இழுத்து நிறுத்தியது. சாமியின் ஆசனத்தில் ரோஹிணி உட்கார்ந்து விரலை அசைத்தாள். வலப்பக்கத்தில், மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துக் கேசவன் கண்ணாடியில் வைத்து ஆட்டினார்.

மீன் விளக்குமாற்றுக்கு அனுக்கிரகம் செய்தது.

ரோஹிணி மீனின் இடது கண்ணை மூடிய சதையைச் சுட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். வெள்ளி மீன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாமியின் சட்டையைத் தேடினார்கள். சட்டை போடாத சாமியாக இருந்ததால் வேட்டி அகப்பட்டது. அதை விட்டுவிட்டுச் சாமி பின்கதவு வழியாக அந்தர்த்தியானமானார். அவர் செய்த ஒரே உண்மையான அற்புதம் அது.

சந்தடி அடங்கியதும் மணியம்மா இளித்தாள். "சம்பந்தி, அதே முகூர்த்தத்தை வெச்சிக்கலாம். மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க."

மானம் திரும்பி வந்துவிட்டது. தலையாட்டினால் கல்யாணம். கேசவன் ரோஹிணியைப் பார்த்தார். அவள் கிஷோரைப் பார்த்துக் கேட்டாள்:

"எனக்கு தோஷம்னு சொன்னப்ப, நான் நின்ன பக்கம் நீங்க ஒரு தபாவாவது திரும்பினீங்களா?"

கிஷோர் அம்மாவைப் பார்த்தான்.

"மீனுக்காவது சதை மறைச்சிக்கினு இருந்திச்சு," என்றாள் ரோஹிணி.

கேசவன் சம்பந்தியம்மாவுக்குக் கைகூப்பினார். "எங்க வூட்டுப் பொண்ணை இன்னொரு தபா நிறுத்திப் பாக்கறதுக்கு நாங்க தயாரா இல்லம்மா." பிறகு பெண்ணிடம் சொன்னார்: "அந்த மீனை ஒரு வாளியில எடுத்துக்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் கால்நடை டாக்டர் ஒருவர் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனை விட்டு, கண்ணை மறைத்த சதையை மட்டும் பக்குவமாகக் கத்தரித்து எடுத்தார். சில நாள் சோர்ந்து கிடந்துவிட்டுத் தேறியது. இப்போது இரை காட்டினால் எந்தப் பக்கமும் வருகிறது.

இன்னமும் ஆட்கள் கேசவன் வீடு தேடி வருகிறார்கள். போன வாரம் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டியைக் கும்பிட்டு, "இது உத்தரவு சொல்லுமா?" என்று குழைந்தார்.

"பசிச்சா இரை கேக்கும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது," என்றார் கேசவன். "மத்ததெல்லாம் யோசிக்கத்தான் உனக்குன்னு தனியா ஒரு மண்டை இருக்குது. அதைக் கொண்டாந்து மீன் தொட்டியில முட்டாதே."